தொலைத்தொடர்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: 2016-ல் ஜியோ மாதக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததே, அது முறையற்ற போட்டி இல்லையா?

விலையைக் குறைத்தது மட்டுமே குற்றமாகிவிடாது. குறைத்தவர் சந்தையில் ஆதிக்கம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். அப்போது ஜியோவிடம் மொத்தச் சந்தாதாரர்களில் பத்து சதவீதம்கூட இல்லை. 2017 ஜூனில் ஏர்டெல்லின் புகாரைப் போட்டி ஆணையம் தள்ளுபடி செய்தது.

கே: 2012-ல் 2ஜி வழக்கில் ரத்தான 122 உரிமங்களில் ஏர்செல்லும் உண்டா?

இல்லை. ஏர்செல் 2018-ல் திவாலானது கடனால்.

கே: புதிய கம்பெனிக்குப் பழையவர்கள் இன்டர்கனெக்ட் (ஒரு நெட்வொர்க்கின் அழைப்பு இன்னொன்றுக்குப் போக வேண்டிய இணைப்பு) தராமல் இழுத்தடித்தால் நேரே போட்டி ஆணையத்துக்குப் போகலாமா?

போகாதீர்கள். எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று பார்த்துத் தட்டுங்கள்; இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இந்த விவகாரத்தில் எனக்குத் தீராத கோபம் உண்டு. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது அதிலிருந்து ஏர்டெல், வோடபோன், ஐடியா எண்களுக்கு லைன் கிடைப்பதே பெரும்பாடு. இரண்டு நெட்வொர்க்கும் சேருமிடத்தில் போர்ட், அதாவது அழைப்பு கடக்கும் வழி, போதவில்லை. அங்கே நெரிசலில் ஆயிரம் அழைப்புக்கு ஐந்துக்கு மேல் இணையாமல் விழக்கூடாது என்பது விதி. நூற்றுக்கு எழுபத்தைந்து விழுகிறது என்றது ஜியோ. இலவசம் என்பதால் ஒரு பக்கமிருந்தே அழைப்பு குவிகிறது என்றார்கள் பழையவர்கள். இருக்கலாம். ஆனால் இணைப்புக் கொடுப்பது உரிம நிபந்தனை, தயவு அல்ல.

அடுத்த மாதமே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், ஒரு சேவை வட்டத்துக்கு 50 கோடி வீதம் மூன்று கம்பெனிக்கும் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புத் துறை அதை விதித்தது 2021-ல்! அதற்குள் வோடபோனும் ஐடியாவும் ஒரே கம்பெனியாகிவிட்டன. நடுவே போட்டி ஆணையம் விசாரணைக்கு உத்தரவிட, மும்பை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, கடைசியில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முதலில் டிராய் முடிவு செய்யட்டும், ஆணையம் அப்புறம் பார்க்கட்டும் என்றது. இதில் லைன் கிடைக்காமல் அல்லாடியவர்களுக்கு என்ன கிடைத்தது? அபராதம் வசூலானாலும் அரசுக்குத்தான்.

இப்போதுள்ள 2018 விதிமுறைப்படி, கேட்ட 30 நாளுக்குள் ஒப்பந்தம் போட வேண்டும். கோரிக்கையைத் தேதியோடு எழுத்தில் கொடுங்கள். மணிவாரியாக எத்தனை அழைப்பு விழுந்தது என்ற கணக்கை எடுத்து வையுங்கள். டிராய்க்கு எழுதுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான தீர்ப்பாயமான டிடிசாட்.

கே: வாடகை, வட்டி வருமானத்தையெல்லாம் ஏஜிஆரில் (அரசுக்குக் கட்ட வேண்டிய பங்கைக் கணக்கிடும் வருவாயில்) சேர்த்தது அநியாயம்தானே?

ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? 1999-க்குப் பிறகு நிலையான கட்டணத்தை விட்டு வருவாய்ப் பங்குக்கு மாறியவர்கள் கையெழுத்துப் போட்ட வாசகம் அது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. எனக்கு உறுத்துவது வேறு. உரிமக் கட்டண பாக்கி சுமார் 92,000 கோடியில் அசல் 23,000 கோடிதான். மீதியெல்லாம் வட்டி, அபராதம், அபராதத்துக்கு மேல் வட்டி. வழக்கு நடக்கும்போதே அசலைக் கட்டியிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. 2021-ல் தொலைத்தொடர்பு அல்லாத வருமானத்தை விலக்கினார்கள். பழைய பாக்கிக்கு அது பொருந்தாது.

கே: எங்கள் ஏரியா கேபிள்காரர் லைசென்ஸ் இல்லாமல் இன்டர்நெட் விற்கிறார். டிராய்க்கு எழுதியும் பதில் இல்லை.

உரிமம் கொடுப்பது தொலைத்தொடர்புத் துறை. டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை. முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். உரிமம் பெற்ற ஐஎஸ்பி (இன்டர்நெட் சேவை கம்பெனி) பெயரில் இருந்தால் அவர் வெறும் ஏஜென்ட், தனி லைசென்ஸ் தேவையில்லை. அவர் பெயரிலேயே இருந்தால் அந்த பில்லின் நகலோடு துறைக்கு எழுதுங்கள்.

கே: மொபைல் பில் தகராறு. டிடிசாட்டில் வழக்குப் போட வக்கீல் பேசிவிட்டேன். ஜெயிக்குமா?

வக்கீல் பேசிவிட்டு வந்து கேட்கிறீர்களே! தனிநபர் புகாருக்கு டிடிசாட் இடமில்லை. கம்பெனியில் புகார் எண் வாங்குங்கள், அங்கேயே மேல்முறையீடு செய்யுங்கள். அப்புறமும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது.