சாமி உருவத்தை வைத்து நுகர்வு மோகத்தை விமர்சிக்கும் சிற்பம் செய்யலாமா? எதில், எப்படி?

சேலத்தில் கல்லூரிக் கண்காட்சிக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். ஆனால் சாமியைத் தொடாதீர்கள். சாமிக்குக் கீழே இருக்கும் பீடத்தையும், பின்னால் வளைந்து நிற்கும் தீக்கொழுந்து வளைவான திருவாசியையும் எடுங்கள். ஆடி மாரியம்மன் திருவிழாவில் குகைப் பகுதி வண்டி வேடிக்கையை, அதாவது சாமி வேடமிட்டவர்கள் வரும் அலங்கார வண்டி ஊர்வலத்தை, பார்த்து வளர்ந்த ஊர் இது. திருவாசியைக் கண்டாலே கை குவியும். அதற்குள் ஒரு டெலிவரி அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தால் போதும். சாமி முகத்தில் பிராண்டு முத்திரை குத்தினால் பேச்சு முழுக்க அவமதிப்பைப் பற்றியே போகும், கடைத்தெரு தப்பித்துவிடும்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1986இல் வரைந்த 'இறுதி இராவுணவு' வரிசையைப் பாருங்கள். ஏற்காட்டுப் பக்கம் கிறிஸ்தவ வீடுகளில் சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் அதே லியொனார்டோ படம்தான். அதில் டவ் சோப்பின் புறாவைச் சேர்த்தார். பரிசுத்த ஆவிக்கும் புறாதான் அடையாளம். கடைப்பொருளின் சின்னம் வழிபாட்டுச் சின்னத்தின் இடத்தில் கச்சிதமாகப் பொருந்துவதுதான் அந்தப் படத்தின் பலம். அவர் தேவாலயம் போகும் கத்தோலிக்கர் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் திருவாசியில் அப்படிப் பொருந்தும் இடம் தீக்கொழுந்துகள்; சிப்ஸ் உறைகளை உள்பக்க வெள்ளி வெளியே தெரிய மடித்து அங்கே வையுங்கள்.

4 அடி உயரத்துக்கு மூங்கில் தப்பையில் சட்டம், மேலே காகிதம். பசைக்கு மைதா வேண்டாம், நம்மூர் மரவள்ளிக்கிழங்கு மாவே நல்லது. 100 கிராம் மாவைக் கால் லிட்டர் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் முக்கால் லிட்டரில் ஊற்றி, வெண்மை போய்த் தெளியும்வரை கிளறுங்கள். நேரடியாகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். பூஞ்சைக்கும் பூச்சிக்கும் 5 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்து, பிளாஸ்டிக் வாளியில் மட்டும் கலக்குங்கள். அலுமினியப் பாத்திரத்தை அது அரித்துவிடும். விஷம், கையுறை கட்டாயம்.

நாளிதழை வெட்டாமல் கிழித்து ஒட்டுங்கள், விளிம்பு தெரியாது. ஐந்தாறு அடுக்கு வேண்டும். இரண்டு அடுக்குக்கு ஒருமுறை நன்றாகக் காய விடுங்கள். அவசரப்பட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, வர்ணம் பூசிய பிறகு வளையும். புறங்கை வைத்துப் பார்த்தால் ஈரமான இடம் குளிர்ச்சியாக இருக்கும். ஏற்காட்டில் காட்டுவதாக இருந்தாலும் சேலத்து வெயிலில் காயவைத்தே மேலே கொண்டுபோங்கள். மலை மூடுபனியில் காகிதம் காயவே காயாது.

சிப்ஸ் உறையில் மாவுப்பசை பிடிக்காது. எண்ணெய் போகச் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து, ஊசி நூலால் தைத்துவிடுவதே உறுதி. பிளாஸ்டிக் இருப்பதால் அகல் விளக்கு கூடவே கூடாது, 12 வோல்ட் எல்இடி பட்டை போதும்.

பெட்டிக்குப் பதில் கண்ணாடி வைக்கலாமே என்று தோன்றும். அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழியினரின் கோயில்களான பதிகளில் கண்ணாடியே வழிபாட்டுக்கு உரியது. ஆகவே அதை விட்டுவிடுங்கள்.