எந்த நோய்க்கு எந்த ஸ்கேன்? ஒரு ரேடியாலஜிஸ்ட்டிடம் கேள்வி பதில்

இருட்டறையில் உட்கார்ந்து ஸ்கேன் படம் பார்க்கிற வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் ரிப்போர்ட் எழுதிய ஆளையே தெருவில் பார்த்தால் எனக்கு அடையாளம் தெரியாது. அவருடைய பித்தப்பையைக் காட்டினால் ஒருவேளை சொல்லிவிடுவேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்திருக்கிறேன். ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பி “எனக்கு என்ன வியாதி?” என்று மட்டும் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். ஆளைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்வது சரியில்லை.

மேடம், எக்ஸ்ரே, சி.டி, எம்.ஆர்.ஐ என்று விலைதான் ஏறிக்கொண்டே போகிறது. காசு இருந்தால் நேராக எம்.ஆர்.ஐ எடுத்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிடும்தானே? (திருச்சி)

தெரியாது. இது டிக்கெட்டில் ஸ்லீப்பர், ஏ.சி மாதிரி வகுப்பு வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு மெஷினும் உடம்பில் வேறொரு விஷயத்தைப் பார்க்கிறது.

எக்ஸ்ரே என்பது நிழல். 1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் கண்டுபிடித்தார், அடுத்த மாதம் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் விழுந்தன. சதை லேசான புகை மாதிரிதான் தெரிந்தது. இன்றைக்கும் எக்ஸ்ரேயின் பலமும் பலவீனமும் அதேதான். எலும்பு, நுரையீரல் இரண்டுக்கும் அருமை. மூளை, கல்லீரல் பற்றிக் கேட்டால் வாய் திறக்காது.

சி.டி-யும் எக்ஸ்ரே கதிர்தான், ஆனால் சுற்றிச் சுற்றி எடுத்து, கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, உடம்பை ரொட்டித் துண்டு மாதிரி வெட்டிக் காட்டும். லண்டனில் 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளிக்கு எடுத்தார்கள். அதைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளை 35 அளவில் இருக்கும், புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தம் 60-ஐ ஒட்டி வரும். மூளைக்குள் ரத்தம் கசிந்தால் சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

எம்.ஆர்.ஐ-க்குக் கதிர்வீச்சே கிடையாது. காந்தத்தை வைத்து உடம்பின் நீரிலும் கொழுப்பிலும் இருக்கிற ஹைட்ரஜனைப் பேச வைக்கிறது. மூளை, தண்டுவடம், மூட்டு ஜவ்வு, தசைநார் இதற்கெல்லாம் ராஜா. ஆனால் காற்று நிறைந்த நுரையீரலில் அதற்குப் பேச்சுத்துணை குறைவு. அங்கே சி.டி-தான்.

இன்னொரு வேடிக்கை. சிறுநீரகக் கல்லை ஊசி போடாத சாதா சி.டி அச்சு அசலாகக் காட்டும். ஆனால் பித்தப்பைக் கல்லில் கொழுப்பு அதிகமாக இருந்தால் அதே சி.டி அதைத் தவறவிடும். கல்லும் பித்தநீரும் ஒரே அடர்த்தியில் இருக்கும், பிரித்துப் பார்க்க முடியாது. அதே கல்லை, அதைவிடப் பல மடங்கு செலவு குறைந்த அல்ட்ராசவுண்ட் பின்னால் கருப்பு நிழலோடு காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எந்த மெஷின் உசத்தி என்று கேட்காதீர்கள். டாக்டருக்கு என்ன சந்தேகம் என்று கேளுங்கள்.

அப்பாவுக்குக் காலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. உடனே சி.டி எடுத்தார்கள், நார்மல் என்றார்கள். மறுநாள் மறுபடி எடுத்துவிட்டு ஸ்ட்ரோக் என்கிறார்கள். முதல் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் கவனிக்கவில்லையா? (சேலம்)

இந்தச் சந்தேகத்தோடு வருகிறவர்கள் மாதத்துக்கு இரண்டு பேராவது உண்டு. பெரும்பாலும் முதல் ரிப்போர்ட்டில் தப்பு இருக்காது.

ரத்தக் குழாய் அடைத்து வரும் பக்கவாதத்தில், பாதிக்கப்பட்ட மூளைப் பகுதி சி.டி-யில் நிறம் மாறித் தெரிய மணிக்கணக்கில் ஆகும். அப்படியிருந்தும் வந்தவுடன் சி.டி எடுப்பது ஒரே கேள்விக்காக: ரத்தக்கசிவு இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அந்தக் கணமே தெரியும். இல்லை என்று உறுதியானால்தான் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் பொதுவாக அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. ஆக, உங்கள் அப்பாவுக்கு முதலில் வந்த “நார்மல்” ஒரு நல்ல செய்தி. எம்.ஆர்.ஐ-யில் டிஃப்யூஷன் என்றொரு முறை இருக்கிறது, அது அடைப்பால் வந்த பாதிப்பைச் சில நிமிடங்களிலேயே காட்டும். ஆனால் எடுக்க நேரம் பிடிக்கும், எல்லா ஊரிலும் நள்ளிரவில் கிடைக்காது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: வாய் கோணினால், பேச்சு குழறினால் கடிகாரத்தைப் பாருங்கள். “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்பதுதான் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வியாக வரும்.

எனக்கு 34 வயது, ஐ.டி வேலை. முதுகு வலிக்கு எம்.ஆர்.ஐ எடுத்ததில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு இடையே டிஸ்க் பல்ஜ், அதாவது நடுவிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. ஆபரேஷன்தானா? (சென்னை)

முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை ஆராய்ந்த முந்தைய ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015-இல் ஒரு கட்டுரை வந்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ். எண்பது வயதில் 84 சதவீதம். மறுபடி சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. உங்கள் பக்கத்து சீட்டுக்காரரைப் பிடித்து ஸ்கேன் எடுத்தாலும் ஏதாவது ஒன்று வரலாம்.

நரை முடி மாதிரி முதுகெலும்பிலும் வயது தெரியும். நாங்கள் பார்த்ததை எழுதத்தான் வேண்டும், அதனால் எழுதுகிறோம். உங்கள் வலிக்கு அதுதான் காரணமா என்பதை, காலைத் தூக்கிப் பார்த்து, விரலை மடக்கச் சொல்லிப் பார்க்கும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரம் எப்போது? சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனால், உட்காரும் இடம் மரத்துப்போனால், பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினால். அன்றைக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வருடத்துக்கு எத்தனை சி.டி வரை எடுக்கலாம்? கேன்சர் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். (நாகர்கோவில்)

இத்தனைதான் என்று நோயாளிக்கு வரம்பு எதுவும் கிடையாது. தேவை இருந்தால் பத்தும் எடுக்கலாம், தேவையில்லாவிட்டால் ஒன்றே அதிகம்.

கணக்கு இது. மண், காற்று, வானம், சாப்பாடு வழியாக உலகில் ஒருவருக்குச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு தானாகவே கிடைக்கிறது. மார்பு எக்ஸ்ரே 0.1 அல்லது அதற்கும் கீழே. வயிற்று சி.டி 8 முதல் 10. அதாவது மூன்று நான்கு வருட இயற்கைக் கதிர்வீச்சை ஒரே மூச்சில் வாங்கிக்கொள்கிறீர்கள். நீங்கள் நாகர்கோவில் என்பதால் ஒன்று சொல்லலாம். பக்கத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் தோரியம் இருக்கிறது, கேரளாவின் கருநாகப்பள்ளியிலும் அதே மணல்தான். அங்கே தலைமுறை தலைமுறையாக அதிகக் கதிர்வீச்சில் வாழ்கிறவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தார்கள்; புற்றுநோய் கூடுதலாக இல்லை. அதற்காக சி.டி-யை சாக்லேட் மாதிரி வாங்கிச் சாப்பிடச் சொல்லவில்லை. 2020, 2021-இல் கொரோனா பயத்தில் இருமல்கூட இல்லாதவர்கள் தாங்களாகவே வந்து மார்பு சி.டி-க்கு வரிசையில் நின்றதைப் பார்த்தவள் நான். குழந்தைகள் விஷயத்தில் மட்டும் இரண்டு முறை யோசியுங்கள். வளரும் செல்லுக்குப் பாதிப்பு அதிகம், அது வெளிப்பட வருடங்களும் மீதி இருக்கின்றன. குடல்வால் சந்தேகம் என்றால்கூட முதலில் அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு எம்.ஆர்.ஐ எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று பிடிவாதம். தங்கத்தைத்தான் காந்தம் இழுக்காதே? (கும்பகோணம்)

தங்கத்தை இழுக்காது. தாலிச் சங்கிலியில் கொத்தாகத் தொங்குகிறதே ஊக்கு, அதை இழுக்கும்.

ஒருமுறை ஓர் அம்மாளைக் கதவருகே நிறுத்தி, “எல்லாம் கழற்றியாச்சா பாட்டி?” என்று கேட்டேன். ஆச்சு என்றார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, புடவைக்குள்ளிருந்து நாலு ஊக்கும் சங்கிலியைத் தூக்கிக்கொண்டு, மகுடிக்கு ஆடும் பாம்பு மாதிரி மெஷின் பக்கம் எழுந்து நின்றன. பாட்டி “முருகா” என்று இரண்டடி பின்னால் வந்தார். அதற்குப் பிறகு கழற்றுவதில் பேச்சே இல்லை.

சாதாரணமாகப் பயன்படும் 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும், ராத்திரி பூட்டிவிட்டுப் போன பிறகும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் மும்பையில், உறவினருக்குத் துணையாக வந்தவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரையே விட்டார். தங்கமும் அறைக்குள் வேண்டாம். படத்தைக் கெடுக்கும், சூடும் ஆகலாம்.

அம்மாவின் மனக்குறைக்கு வழி இருக்கிறது. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக் கழுத்தில் போட்டு அழைத்து வாருங்கள். காந்தத்துக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அரைஞாண், தாயத்து, மெட்டி, ஹேர்பின், கழற்றி மாட்டும் பல்செட், காது மெஷின் எல்லாம் வெளியே. பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் விழுந்தது, இவற்றை மட்டும் கட்டாயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பட்டறையில் வெல்டிங் செய்த அனுபவம் இருந்தால் அதையும்.

மாமாவுக்கு லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். பெட் ஸ்கேன் படத்தைக் காட்டினார்கள். மூளை, இதயம், அடிவயிறு எல்லாம் எரிகிறது. எல்லா இடத்திலும் பரவிவிட்டதா? (மதுரை)

பயப்படாதீர்கள். மூளை எப்போதும் எரியும். சர்க்கரையைத் தின்பதில் அதுதான் முதல் ஆள்.

பெட் ஸ்கேனில் கொடுப்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. எந்த செல் அதிகம் தின்கிறதோ அது ஒளிரும். மூளை, பல சமயம் இதயம், சிறுநீரகம், அந்தச் சர்க்கரை வடிந்து சேரும் சிறுநீர்ப்பை எல்லாம் இயல்பாகவே ஒளிரும். நாங்கள் தேடுவது ஒளிரக் கூடாத இடத்தில் வெளிச்சம். அதிலும் நம் ஊரில் ஒரு வம்பு உண்டு: காசநோய்க் கட்டியும் புற்றுநோய் மாதிரியே ஜகஜோதியாக எரியும். அதனால் பெட் ஸ்கேனை மட்டும் நம்பிப் புற்றுநோய் என்று முத்திரை குத்துவதில்லை, சதை எடுத்துப் பார்ப்போம்.

அந்த மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். தயாரித்த இடத்திலிருந்து வண்டியில் வரும்போதே கரைகிறது. “எட்டு மணிக்கு வா” என்றால் எட்டு மணிக்கே போகச் சொல்லுங்கள். வெறும் வயிறு, சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் அசையாமல் ஓய்வு. நடந்தால் கால் தசை எரியும். அன்று சில மணி நேரம் பேரக்குழந்தையை மடியில் வைக்க வேண்டாம்.

ஸ்கேனுக்கு முன் போடும் ஊசி கிட்னியைக் கெடுக்குமாமே? அப்பாவுக்கு சுகர். போதாததற்கு இறால் சாப்பிட்டால் அரிப்பு வரும். (தூத்துக்குடி)

சி.டி-க்குப் போடுவது அயோடின் கலந்த மருந்து. முன்னதாக கிட்னியின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்ப்பது அதற்குத்தான். கிட்னி நன்றாக இருந்தால் மெட்ஃபார்மின் என்கிற சுகர் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. கிட்னியின் வேலை மிகவும் குறைந்திருந்தால் 48 மணி நேரம் நிறுத்தச் சொல்வோம். இறாலுக்கும் அயோடினுக்கும் சம்பந்தமில்லை. அந்த அரிப்பு இறாலின் புரதத்தால் வருவது. முன்பு இதே ஊசி போட்டுத் தடித்திருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகி, வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். போயிருக்காது. அப்பாவிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே எடுக்கப் போகிறேன். ஏதாவது முன்தயாரிப்பு உண்டா? (ஈரோடு)

அக்குளில் பவுடர், சென்ட் எதுவும் போடாதீர்கள். பவுடர் துகள் படத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆரம்பப் புற்றுநோயும் வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும்.

கிரேடு 1 ஃபேட்டி லிவர். மாத்திரை உண்டா? (வேலூர்)

இரண்டாவது முறை சோறு போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள், மாலையில் நடங்கள். மது உண்டென்றால் அதையும் விடுங்கள்.

கர்ப்ப ஸ்கேனில் ஜாடையாகவாவது... (ஊர் வேண்டாம்)

சொல்ல மாட்டேன். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆணா பெண்ணா என்று கேட்பதும் குற்றம், சொல்வதும் குற்றம்.

அப்பா அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு ஃபுல் பாடி ஸ்கேன் பேக்கேஜ் பரிசளிக்கலாம் என்று இருக்கிறோம். நல்லதுதானே? (கோவை)

பட்டுப்புடவையே எடுத்துக் கொடுங்கள்.

அறுபது வயது உடம்பை முழுதாகத் துழாவினால் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி, கல்லீரலில் ரத்தக்குழாய் முடிச்சு, தைராய்டில் சின்னக் கட்டி என்று எதுவாவது கிடைக்கும். முக்கால்வாசி சாகும்வரை தொந்தரவு செய்யாதவை. ஆனால் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் அப்புறம் ஊசி, மறு ஸ்கேன், தூக்கமில்லாத ராத்திரி. தென் கொரியாவில் இதைப் பெரிய அளவில் பார்த்தார்கள். கழுத்து அல்ட்ராசவுண்ட் பரவலானதும் 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிப்பு 1993-ஐப் போலப் பதினைந்து மடங்கானது. அந்த நோயால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ அசையவே இல்லை. ஆயிரக்கணக்கானோருக்குக் கழுத்தில் தழும்பும் ஆயுளுக்கும் மாத்திரையும்தான் மிச்சம்.

அம்மாவுக்கு மேமோகிராம், எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா. இருவருக்கும் பி.பி, சுகர். அப்பா பல வருடம் பீடி சிகரெட் பிடித்தவர் என்றால் குறைந்த கதிர்வீச்சு மார்பு சி.டி பற்றி டாக்டரிடம் பேசுங்கள். இவை எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுபவை.

எல்லா ரிப்போர்ட்டிலும் கடைசியில் “கிளினிக்கல் கோரிலேஷன் தேவை”, அதாவது ஆளின் அறிகுறியோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று எழுதித் தப்பிக்கிறீர்களே? (புதுச்சேரி)

நியாயமான கோபம். சிலர் தப்பிக்கவும் எழுதுகிறார்கள், நானும் சோம்பலில் எழுதியதுண்டு. ஆனால் எங்கள் கைக்கு வரும் சீட்டையும் பாருங்கள். “வயிற்று வலி” என்று இரண்டே சொல் இருக்கும். எந்தப் பக்கம், எத்தனை நாள், காய்ச்சல் உண்டா, முன்பு ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, எதுவும் இருக்காது. ஸ்கேன் அறையில் நீங்களாகவே சொல்லுங்கள், விரலை வைத்துக் காட்டுங்கள். பழைய படங்களையும் கொண்டுவாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது.

போன வருடம் ஒரு விவசாயி வந்தார். நுரையீரலில் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி, சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸிக்கு நாள் குறித்தாகிவிட்டது. பழைய எக்ஸ்ரே ஏதாவது உண்டா என்று கேட்டேன். மருமகனைப் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பினார். சாயங்காலம் ஒரு மஞ்சப்பை வந்தது. ரேஷன் கார்டு, நிலப்பத்திர ஜெராக்ஸ், அதற்கடியில் பதினொரு வருடத்துக்கு முந்தைய மார்பு எக்ஸ்ரே, ஓரம் ஒட்டிப்போய். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். அதே இடம், அதே அளவு. பழைய தழும்பு. பயாப்ஸி வேண்டாம் என்று அவருடைய டாக்டருக்கு போன் போட்டேன். விவசாயி அந்தப் படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்து, மேலே பத்திரத்தை வைத்து, பையின் வாயைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்.