போடோனி: தடித்த தண்டும் மயிரிழைக் கோடும் (கேள்வி பதில்)

கேள்வி: சார், டைம்ஸ் எழுத்துருவிலும் செரிஃப் (எழுத்தின் முனையில் வரும் சிறு கோடு) இருக்கிறது, போடோனி எழுத்துருவிலும் இருக்கிறது. என்ன வித்தியாசம்?

பதில்: இரண்டிலும் ஆங்கில ‘எச்’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். டைம்ஸில் செரிஃப் வளைந்து வந்து தண்டோடு, அதாவது எழுத்தின் நிமிர்ந்த கோட்டோடு, சேரும். போடோனியில் அந்த வளைவு இருக்காது. தடித்த தண்டின் தலையிலும் காலிலும் மயிரிழை போல ஒரு நேர்க்கோடு, அவ்வளவுதான். ஆங்கில ‘ஓ’வில் கனம் இடமும் வலமும் நேராக நிற்கும். பேனாவைச் சாய்த்துப் பிடித்து எழுதிய சாயல் அதில் இல்லை. எனக்கு அதன் அழகே அந்தக் கண்டிப்புதான்.

கேள்வி: இவ்வளவு மெல்லிய கோட்டை அந்தக் காலத்திலேயே எப்படி அச்சடித்தார்கள்?

பதில்: இந்த எழுத்தை உருவாக்கிய ஜம்பாட்டிஸ்டா போடோனி 1768இல் இத்தாலியில் பார்மா கோமகனின் அச்சகத்துக்கு வந்தார். அதற்கு முன்பே இங்கிலாந்தில் பாஸ்கர்வில் என்ற அச்சாளர் வழவழப்பான காகிதத்தில் நல்ல கறுப்பு மையால் அச்சடித்துக் காட்டியிருந்தார். காகிதம் வழவழப்பானதும் மெல்லிய கோடு உடையாமல் பதிந்தது. பாரிஸில் அச்சுத் தொழில் செய்த டிடோ குடும்பமும் இதே வழியில்தான் போனது.

கேள்வி: அண்ணா, என் ஆங்கிலக் கவிதைத் தொகுப்பு முழுவதையும் போடோனியில் 9 பாயிண்டில் அடித்தேன். படிப்பவர்கள் கண் கூசுகிறது என்கிறார்கள்.

பதில்: கூசத்தான் செய்யும் தம்பி. நீங்கள் எடுத்தது தலைப்புக்காக வரைந்த எழுத்தாக இருக்கும். அதைச் சுருக்கினால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். தண்டுகள் மட்டும் ஜன்னல் கம்பி மாதிரி வரிசையாக நிற்கும். போடோனி அப்படிச் செய்யவே இல்லை. ஒவ்வோர் அளவுக்கும் எழுத்தைத் தனித்தனியாக எஃகில் வெட்டினார். அவர் இறந்த பிறகு 1818இல் மனைவி வெளியிட்ட, அவருடைய எழுத்து மாதிரிகளின் தொகுப்பான ‘மானுவாலே டிப்போகிராஃபிகோ’வைப் புரட்டினால், எத்தனை அளவுகளுக்கு உழைத்திருக்கிறார் என்று மலைப்பாக இருக்கும். 1994இல் வந்த ஐடிசி போடோனி என்ற எழுத்துரு இதை மதித்து 6, 12, 72 பாயிண்ட் என்று மூன்று அளவுகளுக்குத் தனித்தனி வடிவம் தந்தது. அதில் 12ஐ எடுத்து, வரி இடைவெளியைத் தாராளமாக விட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

கேள்வி: போஸ்டர் போடோனியும் அவர் செய்ததா?

பதில்: இல்லை. அது 1929இல் லைனோடைப் என்ற அச்சு நிறுவனத்துக்காக சான்சி கிரிஃபித் வரைந்தது. இந்தக் குண்டு எழுத்தின் வேர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டன் விளம்பரத் தாள்களில் இருக்கிறது. பெரிய அளவில் இரண்டு மூன்று சொற்களுக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி: விசிட்டிங் கார்டில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகப் போடலாமா?

பதில்: சின்ன எழுத்தில் வேண்டாம். சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கிவிடும். பெயரை மட்டும் பெரிதாகப் போட்டு, முகவரியைச் செரிஃப் இல்லாத எழுத்தில் வையுங்கள்.

கேள்வி: இலவசமாக எது கிடைக்கும்?

பதில்: தலைப்புக்கு அப்ரில் ஃபேட்ஃபேஸ். அளவுக்கேற்பக் கோட்டின் கனமும் மாற வேண்டும் என்றால் போடோனி மோடா.