கேரி மெக்கின்னன்: பஞ்சாயத்து எந்த ஊரில்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஹேக்கர் கேரி மெக்கின்னன் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்தேன். அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப மறுத்த பிரிட்டனின் முடிவு சரி என்ற தொனியில் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. உள்ளே நுழைந்ததை அந்த மனிதரே மறுக்கவில்லை. அதுவும் செப்டம்பர் 11 நடந்த பிறகும் ராணுவக் கணினிகளில் கைவைத்தவர். எந்த ஊரில் திருடினாரோ அந்த ஊரில்தானே பஞ்சாயத்து? அம்மா போராடினார், மகனுக்கு நோய் என்று விட்டுவிடுவதென்றால் சட்டம் எதற்கு? வெள்ளைக்காரர் என்பதால் கிடைத்த சலுகை என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆர்., திருச்சி

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடைசி வரியில் பாதி உண்மை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் திருட்டு. மெக்கின்னன் லண்டனைவிட்டு நகரவே இல்லை. காதலியின் அத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டு, டெலிபோன் லைனில் ஓடும் மோடத்தை வைத்து, 2001 பிப்ரவரியிலிருந்து 2002 மார்ச் வரை அமெரிக்க ராணுவம், நாசா என்று 97 கணினிகளுக்குள் போனார் என்பது குற்றச்சாட்டு. பூட்டை உடைத்துக்கூடப் போகவில்லை. பாஸ்வேர்டே போடாத கணினிகளைத் தேடிப் பிடிக்க பெர்ல் என்ற கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினார், அவ்வளவுதான். தேடியது பறக்கும் தட்டு ரகசியங்களை. நாசா கணினி ஒன்றில் ஒரு படத்தைத் திறந்தாராம். லைன் வேகம் போதாமல் நிறத்தையெல்லாம் குறைத்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுருட்டு வடிவத்தில் ஏதோ பாதி தெரிந்ததும் அந்தப் பக்கம் யாரோ மவுஸை நகர்த்தி இணைப்பைத் துண்டித்துவிட்டார்களாம். இது அவரே பேட்டிகளில் சொன்ன கதை. நம்புவது உங்கள் விருப்பம்.

ஆனால் அப்பாவி என்றும் நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க வெளியுறவுக் கொள்கை அரசாங்கமே நடத்தும் பயங்கரவாதம் என்று ராணுவக் கணினியில் எழுதிவைத்துவிட்டு, ‘சோலோ’ என்று கையெழுத்தும் போட்டவர். தொல்லை தொடரும் என்ற மிரட்டல் வேறு. அவருடைய ஆதரவாளர்கள் இந்த இடத்தைச் சட்டென்று தாண்டிப் போய்விடுவார்கள். அவர் கோப்புகளை அழித்ததால் வாஷிங்டன் வட்டார ராணுவ வலையமைப்பில் 2,000 கணினிகள் 24 மணி நேரம் முடங்கின, மொத்த நஷ்டம் 7 லட்சம் டாலருக்கு மேல் என்றது அமெரிக்கா. இந்தச் சேதக் கணக்கை அவர் கடைசிவரை ஏற்கவில்லை.

இப்போது உங்கள் பஞ்சாயத்து. 2002இல் அவரைப் பிடித்தது பிரிட்டிஷ் போலீஸ். கணினிக் குற்றங்களுக்கென்று 1990லேயே சட்டம் போட்டுவைத்திருந்த நாடு அது. அதன் கடுமையான பிரிவுக்கே அன்று அதிகபட்சம் ஐந்தாண்டுதான். அங்கேயே வழக்குப் போட்டிருக்கலாம், போடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வர்ஜீனியாவில் ஏழு குற்றச்சாட்டுகள் பதிவாயின. ஒவ்வொன்றுக்கும் பத்தாண்டு வரை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்துவது. அமெரிக்கத் தரப்பு ஒரு பேரம் பேசியது. எதிர்க்காமல் வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்று, நான்கு ஆண்டு. அதிலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ அங்கே இருந்துவிட்டு மீதியை பிரிட்டனில் கழிக்கலாம். நாடு கடத்தலை எதிர்த்து வழக்காடித் தோற்றால் எட்டு முதல் பத்தாண்டு, கூடவும் ஆகலாம், ஊர் திரும்பும் சலுகையும் கிடையாது. அதாவது, சொந்த நாட்டு நீதிமன்றத்தை நாடியதற்கே தனி விலை. இந்த வித்தியாசம் முறையற்ற நெருக்கடி ஆகாது என்று 2008 ஜூலையில், அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சட்டப்படி சரியாக இருக்கலாம். படிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மெக்கின்னனுக்கு ஆஸ்பெர்ஜர் (ஆட்டிசத்தில் ஒரு வகை) என்று மருத்துவர்கள் உறுதிசெய்தது அதற்குப் பிறகுதான். அதற்கப்புறமும் நீதிமன்றத்திலும் உள்துறையிலும் தோல்விதான். தாய் ஜானிஸ் ஷார்ப் விடவில்லை. 2012 அக்டோபர் 16 அன்று உள்துறை அமைச்சர் தெரசா மே, அனுப்பினால் உயிரை மாய்த்துக்கொள்ளும் ஆபத்து மிக அதிகம், அது மனித உரிமைக்கு விரோதம் என்று சொல்லித் தடுத்தார்.

இனி உங்கள் கடைசி வரி. தெரசா மேயின் அந்த முடிவுக்குப் பதினொரு நாள் முன்பு, அக்டோபர் 5ஆம் தேதி, தல்ஹா அஹ்சன் என்ற லண்டன்காரரை அதே உள்துறை அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றியது. வங்கதேச வம்சாவளி. அவருக்கும் ஆஸ்பெர்ஜர்தான். ஆறு வருடத்துக்கு மேல் பிரிட்டிஷ் சிறையில் விசாரணையே இல்லாமல் இருந்தவர். குற்றச்சாட்டு, தீவிரவாதத்துக்கு உதவிய இணையதளத்தில் பங்கு என்பது. மெக்கின்னன் வழக்கைவிடக் கனமானது, மறுக்கவில்லை. ஆனால் கனெக்டிகட் மாநிலத்துக்கு அவரைக் கொண்டுபோனதற்கு ஆதாரம் என்ன தெரியுமா? அந்தத் தளத்தின் ஒரு சர்வர் கொஞ்ச காலம் அங்கே இருந்தது. 2014இல் அந்த நீதிமன்றமே, இதுவரை சிறையில் இருந்தது போதும் என்று சொல்லி அவரை அனுப்பிவைத்தது.

நிறம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் மெக்கின்னனுக்குக் கிடைத்தது உரிமை அல்ல, கருணை. அதைத் தருவதும் தராததும் ஓர் அமைச்சரின் கையில் இருந்தது. பத்திரிகைகள் யாருக்காகக் குரல் கொடுத்தன என்பதை அந்த ஆண்டுச் செய்திகளைப் புரட்டினாலே தெரிந்துகொள்ளலாம்.

விட்டுவிட்டார்கள் என்ற உங்கள் கோபமும் நியாயம்தான். அதே டிசம்பரில் அரசு வழக்குத் துறையின் தலைவராக இருந்த கியர் ஸ்டார்மர் (ஆமாம், பின்னால் பிரதமரானவரேதான்) பிரிட்டனிலும் வழக்கு இல்லை என்று அறிவித்தார். சாட்சிகளும் ஆதாரங்களும் அமெரிக்காவில் இருக்கின்றன, தண்டனை கிடைக்கும் வாய்ப்பு குறைவு என்பது காரணம். பத்து வருட இழுபறிக்குப் பின் ஒருவரும் அவரை விசாரிக்கவில்லை. 2002லேயே லண்டனில் கூண்டில் ஏற்றியிருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சி.

குற்றத்தின் கணிசமான பகுதி பிரிட்டனில் நடந்திருந்தால், எங்கே விசாரிப்பது நீதி என்று நீதிபதியே எடைபோடும் விதி 2013இல்தான் வந்தது. அதில் பலன் பெற்றவர் லாரி லவ். அவர் மீதும் இதே போலக் குற்றச்சாட்டு, இதே வியாதி. 2018 பிப்ரவரியில் லண்டன் உயர்நீதிமன்றம் அவரை அனுப்ப மறுத்தது. ஆனால் போகட்டும் என்று விட்டுவிடச் சொல்லவில்லை. நிரூபணமானால் இவை பெரிய குற்றங்களே, பிரிட்டிஷ் வழக்குத் துறை இங்கேயே வழக்கு நடத்த முனையட்டும் என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள்.

அன்புடன்