கனமான குண்டு மெதுவாக ஆடியது ஏன்?

வணக்கம். ஊசல் குண்டின் நிறை அலைவு நேரத்தை மாற்றாது என்று பாடநூல் கூறும்போது, உங்கள் மகளின் சோதனையில் பெரிய குண்டு 20 அலைவுகளுக்கு ஒரு விநாடிக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். அவர் அளந்ததில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை; தயவுசெய்து அந்த அளவீடுகளை அழிக்கச் சொல்லாதீர்கள்.

இங்கே அவர் வேண்டுமென்றே மாற்றிய சாரா மாறி நிறை; அளந்த சார்ந்த மாறி அலைவு நேரம். மாறாமல் வைத்ததாக நினைத்த நீளம்தான் அவர் அறியாமலேயே மாறியிருக்கிறது. ஊசலின் நீளம் என்பது நூலின் நீளம் மட்டுமன்று, தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள தொலைவு. நூல் 25 செ.மீ. என்றால், 1 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு ஊசல் நீளம் 26 செ.மீ.; 4 செ.மீ. ஆரமுள்ள குண்டுக்கு 29 செ.மீ. முன்னதன் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 20.5 விநாடியும் பின்னதற்கு 21.6 விநாடியும் ஆகும் என்பதால், நீங்கள் கண்ட வேறுபாடு இதிலேயே அடங்கிவிடுகிறது.

பெரிய குண்டுக்கு நூலைச் சுருக்கி, மையம் வரையுள்ள தொலைவைச் சமமாக்கி, இரண்டையும் ஒரே சிறிய கோணத்திலிருந்து விட்டு மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே அளவுள்ள மரக்குண்டும் இரும்புக்குண்டும் கிடைத்தால் இன்னும் நல்லது. முதல் அட்டவணையையும் அறிக்கையில் சேர்க்கட்டும்.