80 ஆண்டுக் கணக்கில் ஜெர்மனி ஏன் உட்காரவில்லை?

ஏறக்குறைய 80 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாட்டைப் பெரும் நெருக்கடி உலுக்கும் என்பது ஸ்ட்ராஸ், ஹோவ் என்ற அமெரிக்க எழுத்தாளர்களின் தலைமுறைக் கோட்பாடு. ஜெர்மனி ஒரே நாடாக இணைந்த 1871-இல் தொடங்கி 80 ஆண்டு எண்ணினால் 1951 வருகிறது, இரண்டு உலகப் போர்களையும் எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கூட்டலில் தப்பில்லை. அந்த அளவுகோலே அமெரிக்காவுக்குத் தைத்த சட்டை. 1775 விடுதலைப் போர், 1861 உள்நாட்டுப் போர், 1941 பேர்ல் துறைமுகத் தாக்குதல்: இடைவெளி 86, 80. அங்கேயும்கூட உள்நாட்டுப் போர்ச் சுழற்சியில் கோட்பாடு சொல்லும் நான்கு தலைமுறை வகைகளில் ஒன்றையே காணோம் என்று கோட்பாட்டுக்காரர்களே விதிவிலக்கு கொடுக்க வேண்டியிருந்தது!

போரைப் பார்த்தவர்கள் மறைந்ததும் அடுத்த போர் வரும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆனால் 1918-க்கும் 1939-க்கும் நடுவே 21 ஆண்டுதான். ஹிட்லரும் அவருடைய தளபதி ரோமெலும் முதல் போரில் சண்டையிட்டவர்கள். நினைவு மங்கவே இல்லை. ஒரே நினைவு ஜெர்மனியில் தோற்ற நாட்டின் மீது சுமத்தப்பட்ட வெர்சாய் ஒப்பந்தத்தின் கசப்பாக மாறியது. 13 லட்சத்துக்கும் மேல் வீரர்களை இழந்த பிரான்சிலோ அது ஜெர்மன் எல்லையில் மாஜினோ என்ற கோட்டை அரணாக எழுந்தது.

சிலர் 1914 முதல் 1945 வரை ஒரே நெருக்கடி என்று சேர்த்துவிடுவார்கள். சரி, சேர்க்கலாம், ஆனால் எதைச் சேர்ப்பது என்ற விதியை ஆண்டுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவையுங்கள். பார்த்த பிறகு சேர்த்தால் எந்த எண்ணும் பொருந்தும்.

அப்புறம், 1814-க்குப் பிறகு சொந்தப் போரே நடத்தாத சுவீடனையும் அட்டவணையில் போட்டுப் பாருங்கள். நான் அங்கேதான் முதலில் சிக்கினேன்.