கணினி கேள்வி–பதில்: வீட்டு வைஃபையில் பகிரும் கோப்புகளுக்கு எது காவல்?

கேள்வி: எங்கள் வீட்டில் விண்டோஸ் மேசைக்கணினி ஒன்றும் மடிக்கணினிகள் இரண்டும் ஒரே வைஃபையில் இணைந்துள்ளன. குடும்பப் படங்கள், வரிக் கணக்குகள், சான்றிதழ் நகல்கள் எல்லாவற்றையும் மேசைக்கணினியில் ஒரே கோப்புறையில் வைத்துப் பகிர்ந்திருக்கிறோம். வைஃபைக்குக் கடவுச்சொல் வைத்து, அதன் பெயரையும் மறைத்துவிட்டேன். ஆனால் கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் விண்டோஸ் கடவுச்சொல் கேட்டது. எதைக் கொடுத்தாலும் ஏற்கவில்லை. அதனால் அந்த வசதியை மட்டும் நிறுத்திவிட்டேன். இந்தப் பாதுகாப்பு போதுமா?

பதில்: போதாது. நீங்கள் நிறுத்திவிட்ட அந்த வசதிதான் உங்கள் கோப்புகளுக்கு உண்மையான காவல். வாசற்கதவின் பூட்டு வேறு, பீரோவின் பூட்டு வேறு. வைஃபை கடவுச்சொல், வலையமைப்புக்குள் யார் வரலாம் என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. உள்ளே வந்தபின் விருந்தினரின் கைபேசி, தொலைக்காட்சிப் பெட்டி, வைரஸ் புகுந்த மடிக்கணினி ஆகிய எல்லாமே உங்கள் மேசைக்கணினியை எட்டக்கூடிய இடத்தில் இருக்கின்றன. அப்போது அவற்றைத் தடுத்து நிறுத்துவது விண்டோஸ் கேட்கும் அந்தப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான்.

சரியான கடவுச்சொல்லையும் விண்டோஸ் ஏற்க மறுப்பதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்களே இருக்கும். மேசைக்கணினியில் உள்ள பயனர் கணக்குக்குக் கடவுச்சொல்லே இல்லையென்றால், அந்தக் கணக்கின் பெயரில் வலையமைப்பு வழியாக நுழைய விண்டோஸ் இயல்பாகவே அனுமதிப்பதில்லை. அல்லது, தினமும் நீங்கள் தட்டும் 4 இலக்க பின் எண்ணை அங்கே கொடுத்திருப்பீர்கள். அந்த எண் அதே கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும்தான் செல்லும், வேறு கணினியிலிருந்து வருபவருக்குச் செல்லாது. இந்த இடத்தில் சலித்துப்போய்த்தான் பலரும் பாதுகாப்பையே நிறுத்திவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது, ஏனெனில் இதற்கான தீர்வு மிக எளிது.

மேசைக்கணினியில் பகிர்வுக்கென்றே தனியாக ஒரு உள்ளூர்ப் பயனர் கணக்கை உருவாக்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் ஒன்றைக் கொடுங்கள். அதற்கு நிர்வாகி உரிமை வேண்டாம். பிறகு ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஆல் நெட்வொர்க்ஸ்’ தலைப்பின் கீழுள்ள ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை மீண்டும் இயக்குங்கள். மடிக்கணினியில் பயனர் பெயர் கேட்கும்போது, மேசைக்கணினியின் பெயர், ஒரு பின்சாய்கோடு (\), அதையடுத்துப் புதிய கணக்கின் பெயர் என்ற வரிசையில் தட்டச்சு செய்து, நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லும் பெட்டியில் டிக் செய்துவிட்டால், அடுத்த முறை அது கேட்காது.

அடுத்தது அனுமதி. கோப்புறையின் பண்புகளில் ‘ஷேரிங்’, ‘செக்யூரிட்டி’ என்று இரண்டு பக்கங்கள் உள்ளன. வலையமைப்பு வழியாக வருபவருக்கு இவ்விரண்டில் எது கடுமையானதோ அதுவே பொருந்தும். ஆகவே பகிர்வு அனுமதிப் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ இருந்தால் அதை நீக்கிவிட்டு, புதிய கணக்கை இரண்டு இடங்களிலும் சேருங்கள். அதற்கு முன்பு கோப்புறையையே பிரித்துவிடுங்கள் என்பது என் வலுவான பரிந்துரை. படங்கள் எல்லாரும் பார்க்க வேண்டியவை. அவற்றுக்கு ‘ரீட்’ அனுமதி மட்டும் போதும். வரிக் கணக்கையும் சான்றிதழையும் பகிர வேண்டிய தேவையே பல வீடுகளில் இல்லை. படிக்க மட்டும் அனுமதிப்பதன் அருமை, மடிக்கணினிகளில் ஒன்றில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் நிரல்) புகும் நாளில்தான் தெரியும்: அந்த நிரல் தான் இருக்கும் கணினியோடு நிற்காமல், வலையமைப்பில் எழுத முடிகிற கோப்புறைகளையெல்லாம் தேடிப் பூட்டிவிடும். எழுதும் உரிமை இல்லாத கோப்புறையை அந்த வழியில் அதனால் சிதைக்க முடியாது. இருந்தாலும், எப்போதும் இணைக்கப்பட்டிராத வெளிவட்டு ஒன்றில் இவற்றின் பிரதி கட்டாயம் இருக்கட்டும்.

இப்போது எதையெல்லாம் பகிர்ந்திருக்கிறீர்கள் என்பதை ‘கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்’ திரையில் ‘ஷேர்டு ஃபோல்டர்ஸ்’ பகுதியைத் திறந்து பார்க்கலாம். அதிலுள்ள ‘ஷேர்ஸ்’ பட்டியலில் பெயருக்குப் பின்னால் டாலர் குறியுடன் சில வரிகள் தெரியும். அவை விண்டோஸ் தன் நிர்வாகத்துக்காக வைத்திருப்பவை, பதற வேண்டாம். அவற்றைத் தவிர, எப்போதோ பகிர்ந்து மறந்துபோன கோப்புறை ஏதேனும் இருந்தால் உடனே நிறுத்துங்கள். ‘செஷன்ஸ்’ என்ற பட்டியல், இந்த நிமிடத்தில் எந்தப் பயனர் எந்தக் கணினியிலிருந்து உங்கள் கோப்புகளோடு இணைந்திருக்கிறார் என்பதைக் காட்டும்.

இனி வைஃபைக்கு வருவோம். பெயரை மறைத்ததால் பயனில்லை. உங்கள் கருவிகள் இணையும்போது அந்தப் பெயர் காற்றில் வெளிப்படையாகவே செல்கிறது. போதாக்குறைக்கு, மறைத்த பெயரைத் தேடும் கைபேசியும் மடிக்கணினியும் வெளியிடங்களிலும் அதைச் சொல்லி அழைத்துக்கொண்டிருக்கும். ரவுட்டரில் டபிள்யூ.பி.ஏ.3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை இருந்தால் அதையும், இல்லையென்றால் ஏ.இ.எஸ். குறியாக்கத்துடன் டபிள்யூ.பி.ஏ.2 முறையையும் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்ற பழைய முறையின் அடிப்படைக் குறை 2001ஆம் ஆண்டிலேயே அம்பலமாகிவிட்டது. டபிள்யூ.பி.ஏ.2 முறையில், கருவி இணையும் நேரத்துச் செய்திப் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், ஒருவர் உங்கள் வீட்டுப் பக்கமே வராமல் தன் கணினியில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எனவே குறைந்தபட்சமான 8 எழுத்துகளோடு நிறுத்தாமல், தொடர்பில்லாத சொற்களைக் கோத்து 20 எழுத்துகளுக்கு மேல் வையுங்கள். 63 வரை இடமுண்டு.

வைஃபை கடவுச்சொல்லுக்குப் பதிலாக 8 இலக்க எண்ணைக் கொடுத்துக் கருவிகளை இணைக்க உதவும் டபிள்யூ.பி.எஸ். பின் வசதியை நிறுத்திவிடுங்கள். அந்த 8 இலக்க எண்ணில் கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு. மீதியில் முதல் 4 இலக்கங்கள் சரியா என்பதை ரவுட்டர் தனியாகச் சொல்லிவிடுவதால், அதிகம் போனால் 11,000 முயற்சிகளில் அது அகப்பட்டுவிடும் என்பது 2011ஆம் ஆண்டில் வெளியானது. விருந்தினருக்கு கெஸ்ட் நெட்வொர்க்கின் கடவுச்சொல்லைக் கொடுங்கள். ஆனால் அதிலிருந்து உள்வீட்டுக் கருவிகளை எட்ட முடியாதபடி அமைந்திருக்கிறதா என்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: எங்களிடமுள்ள பழைய மீடியா பிளேயரில் கணினியின் படங்களைப் பார்க்க, விண்டோஸில் எஸ்.எம்.பி.1 என்ற பழைய கோப்புப் பகிர்வு வசதியை இயக்க வேண்டும் என்கிறார்கள். இயக்கலாமா?

பதில்: வேண்டாம். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னாக்ரை என்ற ரான்சம்வேர், எஸ்.எம்.பி.1 நிரலில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அதை அடைக்கும் அப்டேட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாத கணினிகள்தான் மாட்டின. ஓட்டை அடைபட்டாலும் அந்த நெறிமுறை இன்றைய குறியாக்கம் எதுவும் இல்லாத பழையது என்பதில் மாற்றமில்லை. முதலில் பிளேயரின் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வீட்டு வலையமைப்புக்குள் படங்களையும் காணொளிகளையும் அனுப்பும் டி.எல்.என்.ஏ. முறையில் படங்களை ஒளிபரப்பலாம். அதில் கடவுச்சொல் கிடையாது என்பதால், யார் பார்த்தாலும் பாதகமில்லாதவற்றை மட்டும் அந்தக் கோப்புறையில் வையுங்கள்.

கேள்வி: வெளியில் இருக்கும்போதும் வீட்டுக் கணினியின் கோப்புகளைத் திறக்க, ரவுட்டரில் 445 என்ற போர்ட்டைத் திறந்துவிடலாமா?

பதில்: ஒருபோதும் திறக்காதீர்கள். கோப்புப் பகிர்வுக்கான அந்த போர்ட் திறந்திருக்கிறதா என்று இணையம் முழுவதும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தேடிக்கொண்டிருக்கின்றன. உங்கள் ரவுட்டரில் வி.பி.என். (இணையத்தின் வழியே குறியாக்கம் செய்த தனிப்பாதை) சர்வர் வசதி இருந்தால் அதை அமைத்து, முதலில் வி.பி.என். வழியாக வீட்டு வலையமைப்புக்குள் வந்து, அதன்பின் கோப்புறையைத் திறங்கள். ஏற்கெனவே போர்ட்டைத் திறந்திருந்தால், ரவுட்டரின் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பக்கத்தில் அந்த வரியை இன்றே நீக்கிவிட்டு, பகிர்வுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுங்கள்.